70க்கு 30: இந்தோனேசியா போட்டுப் பார்த்த கணக்கு

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். பின்னால் மின்விசிறி சத்தம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள், அதை நிறுத்தினால் இந்த அறையில் ஐந்து நிமிடம்கூட உட்கார முடியாது.

போன வாரம் ஒரு நிக்காஹ்வில் பந்திக்குக் காத்திருந்தோம், பக்கத்தில் இரண்டு பெரியவர்களுக்குள் வாக்குவாதம். மதரஸாவில் ஓத வைத்துக்கொண்டே இருந்தால் முஸ்லிம் நாடுகளில் தொழில் எப்படி வளரும் என்கிறார் ஒருவர். தீன் (மார்க்கம்) தெரியாத பிள்ளை எவ்வளவு சம்பாதித்து என்ன என்கிறார் இன்னொருவர். "நீதான் வீடியோ எல்லாம் போடுறியே தம்பி, நீ சொல்லு" என்று என் பக்கம் திரும்பினார்கள். நல்ல வேளை, சோறு வந்துவிட்டது.

அங்கே சொல்லாததை இங்கே சொல்கிறேன். இந்தச் சண்டையை இந்தோனேசியா ஐம்பது வருடமாகப் போட்டுக்கொண்டிருக்கிறது, அதுவும் சதவீதக் கணக்கோடு. 1975இல் மத அமைச்சர், கல்வி அமைச்சர், உள்துறை அமைச்சர் மூன்று பேரும் சேர்ந்து ஒரு உத்தரவு போட்டார்கள்: மதரஸாவில் 70 சதவீதம் பொதுப்பாடம், 30 சதவீதம் மார்க்கப் பாடம். அதற்குக் கைம்மாறாக மதரஸா சான்றிதழுக்கு அரசுப் பள்ளிச் சான்றிதழின் மதிப்பு கிடைத்தது, பிள்ளை நடுவிலேயே அரசுப் பள்ளிக்கு மாறிக்கொள்ளலாம், பல்கலைக்கழகத்துக்கும் போகலாம். என்னைக் கேட்டால் அந்த உத்தரவில் பெரிய விஷயம் இந்தச் சான்றிதழ்தான், ஆனால் எல்லோரும் 70ஐயும் 30ஐயும் பிடித்துக்கொண்டுதான் பேசுகிறார்கள்.

அப்புறம் என்ன ஆச்சு? இப்படிப் படித்து வந்தவர்களுக்கு அரபு கிதாபை (மார்க்க நூலை) எடுத்து வாசிக்க வரவில்லை, நாளைக்கு ஆலிம்களுக்கு (மார்க்க அறிஞர்களுக்கு) எங்கே போவது என்று கவலை வந்துவிட்டது. 1987இல், முனவிர் ஷாத்ஸலி மத அமைச்சராக இருந்த காலத்தில், சில மதரஸாக்களில் மட்டும் கணக்கை அப்படியே தலைகீழாக்கினார்கள், மார்க்கம் 70, பொது 30. இன்னொரு பக்கம் 1996இல் ஹபிபி (விமானப் பொறியாளர், பிறகு ஜனாதிபதியே ஆனவர்) நடத்திய தொழில்நுட்ப அமைப்பு, செர்போங்கிலும் கொரோந்தாலோவிலும் 'இன்சான் சென்டேகியா' என்று இரண்டு உண்டு உறைவிடப் பள்ளிகளைத் தொடங்கியது. 2000இல் அவை மத அமைச்சகத்தின் கைக்கு வந்து மதரஸாக்களாகிவிட்டன. 2022இல் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு மதிப்பெண்படி பள்ளிகளை வரிசைப்படுத்தியபோது நாட்டிலேயே முதலிடம் செர்போங் மதரஸாவுக்கு!

உடனே "பார்த்தீர்களா, மதரஸா ஜெயித்துவிட்டது" என்று கிளம்பிவிடாதீர்கள். அது தேர்வு வைத்துப் பொறுக்கி எடுத்த பிள்ளைகள் படிக்கும் இடம், அரசு செலவு செய்யும் இடம். இந்தோனேசிய மதரஸாக்களில் 90 சதவீதத்துக்கு மேல் தனியார் நடத்துபவை, பெரும்பாலும் ஊர்க்காரர்கள் காசு போட்டு ஓட்டுபவை.

காசு என்றதும் எனக்குப் பிடித்த ஒரு இடம் ஞாபகத்துக்கு வருகிறது. மேற்கு ஜாவாவில் பாண்டுங் பக்கம் சிவிடே என்ற மலை ஊர், அங்கே அல் இத்திஃபாக் என்று ஒரு பெசந்த்ரென். பெசந்த்ரென் என்றால் தங்கி ஓதும் இடம், மாணவனை சந்த்ரி என்பார்கள், அந்தச் சொல்லே நம் பக்கத்து 'சாஸ்திரி'யிலிருந்து போனது என்று ஒரு கருத்தும் உண்டு. இந்த சந்த்ரிகள் கிதாபும் ஓதுகிறார்கள், காய்கறியும் விளைவிக்கிறார்கள், தரம் பிரித்துக் கட்டி நகரத்து சூப்பர் மார்க்கெட்டுக்கு அனுப்புகிறார்கள், சுற்றுவட்டார விவசாயிகளின் விளைச்சலும் அந்தக் கூட்டுறவு வழியாகவே போகிறது. கிழக்கு ஜாவாவில் சிடோகிரி பெசந்த்ரென் 1961லேயே கூட்டுறவு ஆரம்பித்துவிட்டது, கடை, குடிநீர் பாட்டில் என்று அது வளர்ந்திருக்கிறது. 2019இல் வந்த பெசந்த்ரென் சட்டமும் கல்வி, தஃவாவோடு (மார்க்க அழைப்புப் பணியோடு) மக்களின் வாழ்வை மேம்படுத்துவதையும் அவற்றின் வேலையாகவே எழுதிவிட்டது. ஆனால் ஓத வந்த பிள்ளையின் கை வேலைக்குக் கணக்கு யார் வைக்கிறார்கள், கூலி உண்டா, அல்லது 'கித்மத்' (சேவை) என்று சொல்லி முடித்துவிடுவார்களா? இதைக் கேட்காமல் புகழ எனக்கு மனசு வரவில்லை.

சதவீதத்தை எப்படி மாற்றினாலும் வகுப்பில் நிற்கப்போவது அதே உஸ்தாத்தான். தனியார் மதரஸாவில் நிரந்தர வேலை இல்லாத ஆசிரியர்கள் பலருக்கு மாதம் சில லட்சம் ரூபியாதான் கையில் வருகிறது. லட்சம் என்றதும் வாயைப் பிளக்காதீர்கள், மூன்று லட்சம் ரூபியா நம் பணத்தில் இரண்டாயிரத்தைக்கூடத் தொடாது. அவர் காலையில் கணக்குப் பாடம் எடுத்துவிட்டு, மத்தியானத்துக்கு மேல் வேறு வேலைக்கு ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும். அன்றைக்கு அந்தப் பந்தியில் இரண்டு பெரியவர்களும் அவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, வாயைத் திறந்திருந்தால் நானும் பேசியிருப்பேனா என்று தெரியவில்லை.