கிறுக்கல்ல இருந்து வந்த ஓவியம்: கொரியாவோட டான்செக்வா

வணக்கம் மக்களே, வாங்க. ஃபேன் சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க, அத ஆஃப் பண்ணா நான் உருகிடுவேன். போன வாரம் போன்ல ஒரு பெயின்டிங் ஓட்டிட்டிருந்தேன், முழுக்க வெள்ளை, அதுமேல பென்சில்ல சும்மா கோடு கோடா, எங்க சித்தி எட்டிப் பாத்துட்டு இதெல்லாம் என் பேரனே கிறுக்குவான்டான்னுட்டு போயிட்டாங்க. எனக்கு சிரிப்பு தாங்கல. ஏன்னா அந்தப் பெயின்டிங்கே ஒரு குட்டிப் பையனோட கிறுக்கல்ல இருந்து வந்ததுதான்!

வரைஞ்சவரு தென் கொரியாவோட பார்க் சோ-போ. 1960கள்ல அவரு ரெண்டாவது பையன் அண்ணனோட கட்டம் போட்ட நோட்ட எடுத்து எழுதிப் பாக்குறான். கொரியன்ல ஒரு கட்டத்துக்குள்ள ஒரு எழுத்து உக்காரணும், அவனுக்கு உக்காரவே மாட்டேங்குது, எழுதுறான், அழிக்கிறான், மறுபடி எழுதுறான், பேப்பர் கசங்கிப் போச்சு, கடைசில கடுப்பாகி மொத்தத்தையும் கிறுக்கித் தள்ளிட்டான். நாமெல்லாம் ரப்பர் இல்லாம எச்சி தொட்டு அழிச்சு நோட்டுல ஓட்டை போட்டவங்கதானே, அதே கதை. அப்பாக்காரர் திட்டல, பாத்துட்டே இருந்திருக்காரு. அவன் விட்டுட்டுப் போன இடத்த இவரு பிடிச்சுக்கிட்டாரு. 1967ல 'எக்ரித்யூர்'னு ஒரு வரிசை ஆரம்பிச்சாரு, பிரெஞ்சுல எழுத்துன்னு அர்த்தம். ஈரமான வெள்ளைப் பெயின்ட்ல பென்சிலால கோடு, அதுமேல திரும்ப பெயின்ட் அடிச்சு மூடு, திரும்ப கோடு, இப்படியே ஜெபம் பண்ற மாதிரி.

1980கள்ல ஹாஞ்சிக்கு வந்துட்டாரு. மல்பெரி வகை மரப்பட்டையில செய்ற கொரியப் பேப்பர் அது, அங்க பழைய வீடுகள்ல ஜன்னலுக்கும் கதவுக்கும் ஒட்டுவாங்க, வெளிச்சம் மட்டும் வடிஞ்சு உள்ள வரும். அத ஊறவச்சு அடுக்கடுக்கா ஒட்டி, ஈரத்தோட அழுத்திக் கோடு இழுக்குறாரு. நான் ஆன்லைன்ல ஹாஞ்சி விலையப் பாத்துட்டு சத்தமில்லாம மூடிட்டு, டிஷ்யூவ ஃபெவிகால் தண்ணில ஊறவச்சு மொட்டைப் பென்சிலால இழுத்துப் பாத்தேன். மொத மூணு தடவ கிழிஞ்சு பென்சிலோடயே வந்துருச்சு. நாலாவது தடவ கொஞ்சம் காயவிட்டு இழுத்தா, அட, ஏர் உழுத மாதிரி நடுவுல சால் விழுது, பேப்பர் ரெண்டு பக்கமும் ஒதுங்கி குட்டி வரப்பா நிக்குது! இதோ கிட்ட காட்டுறேன், லைட்ட சைடுல பிடிச்சா நிழல் தெரியுதா? கோடு போட்டதே நிழல்தான், இங்க் ஒரு சொட்டு இல்ல.

இவர மாதிரி ஒரே நிறத்த வச்சு வரைஞ்ச கொரிய ஓவியர் கூட்டத்துக்குத்தான் டான்செக்வான்னு பேரு, ஒரு நிற ஓவியம்னு அர்த்தம். இதுல ஹா சோங்-ஹியுன்னு இன்னொருத்தர், எனக்கு இவரத்தான் ரொம்பப் புடிக்கும். கொரியப் போர் 1953ல நின்னதுக்கப்புறம் நாடே பஞ்சத்துல கிடக்கு, அமெரிக்கா அனுப்புற தானியம் சாக்குல வருது. இவரு 1974 வாக்குல கான்வாஸுக்குப் பதிலா கோணிய இழுத்துக் கட்டி, முன்னாடி வரையாம, பின்பக்கம் கெட்டியா பெயின்ட அப்பி அழுத்துறாரு. இழை சந்து வழியா அது இடியாப்ப மாவு மாதிரி முன்னாடி பிதுங்கி வருது. எங்க எவ்ளோ வரும்னு பாதிய கோணிதான் முடிவு பண்ணுது.

ஆசிய ஓவியம்னா உடனே ஒரு டிராகன், ஒரு தாமரை, பின்னாடி தங்கக் கலர்னு ஒட்டுறாங்கல்ல, எனக்கு அது சுவர் காலண்டர் மாதிரிதான் தெரியும், கோச்சுக்காதீங்க. இவங்க படத்துல கொரியான்னு சொல்ல ஒரு உருவம்கூட இல்ல, ஆனா ஜன்னல் பேப்பர் இருக்கு, சாக்கு இருக்கு.

பார்க் 2023 அக்டோபர்ல 91 வயசுல இறந்துட்டாரு. அந்த வருஷ ஆரம்பத்துல தனக்கு நுரையீரல் கேன்சர்னு அவரே வெளிய சொல்லிட்டு வரையறத விடல.

சரி, அடுத்து கோணி ட்ரை பண்ணலாம்னு வீட்டுல அரிசி மூட்டைய நோண்டினேன், இப்ப எல்லாமே பிளாஸ்டிக் சாக்குதான், பெயின்ட் வழுக்கிட்டுப் போவுது. நிஜ சணல் சாக்கு எந்த மண்டியில கிடைக்கும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்கப்பா. இந்த டிஷ்யூ மட்டும் மொட்டமாடில காயுது, எங்கம்மா ரெண்டு தடவ குப்பைன்னு தூக்கப் போயிட்டாங்க.