நிலா விழுந்த இரவு

வணக்கம் நேயர்களே. வீடியோ கேம் பற்றி வானொலியில் பேசப் போகிறேன் என்று சொன்னதும் என் சித்தி, "அதுல பேசறதுக்கு என்னடி இருக்கு? பட்டனை அமுக்குற, பொம்மை ஓடுது" என்றார். அன்று சித்திக்குச் சொன்ன பதிலைத்தான் இன்று கொஞ்சம் விரித்துச் சொல்லப் போகிறேன்.

விளையாட்டின் பெயர் ஃபைனல் ஃபேன்டசி 14. ஜப்பானின் ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனத்தின் படைப்பு. வாளும் மந்திரமும் டிராகன்களும் நிறைந்த கற்பனை உலகம் அது; இயோர்சியா என்று பெயர். அதில் நமக்கென்று ஒரு பாத்திரத்தை உருவாக்கி, பெயர் வைத்து, அந்த ஊர்களில் நடமாட வேண்டும். வேறு வேறு நாடுகளில் உட்கார்ந்திருக்கும் நிஜ மனிதர்களும் அதே தெருவில் நம்மோடு நடப்பார்கள். மாதாமாதம் சந்தா உண்டு. நான் 2015இலிருந்து கட்டிவருகிறேன். ஜப்பானில் இருக்கும் சர்வரோடு, அதாவது விளையாட்டை நடத்தும் மையக் கணினியோடு, இங்கிருந்து இணைப்பதால், எதிரி வாளை ஓங்குவது எனக்கு அரை நொடி தாமதமாகத்தான் தெரியும். அதற்குத் தகுந்தாற்போல் முன்கூட்டியே விலகப் பழகிக்கொண்டேன்.

இந்த விளையாட்டு முதன்முதலில் வெளியானது 2010 செப்டம்பர் 30 அன்று. ஃபைனல் ஃபேன்டசி வரிசை 1987இல் தொடங்கியது. அதோடு வளர்ந்து, அதன் இசையை மனப்பாடமாக வைத்திருந்த ஒரு தலைமுறை இந்தப் புதிய உலகத்துக்குள் ஆசையோடு நுழைந்தது. உள்ளே அவர்களுக்குக் கிடைத்த அனுபவத்தைப் புரிந்துகொள்ள ஒரு சின்ன காரியத்தை மட்டும் பார்ப்போம்.

உங்களுக்கு ஒரு ஜோடி தோல் கையுறை வேண்டும். சந்தைக்குப் போகிறீர்கள். நீளமான ஒரு கூடத்தில் வரிசை வரிசையாகப் பணியாட்கள் நிற்கிறார்கள். ஒவ்வொருவரும் ஏதோ ஒரு விளையாட்டுக்காரர் விற்பனைக்காக நிறுத்திவிட்டுப் போன ஆள். யாரிடம் கையுறை இருக்கிறது என்று தேடிப் பார்க்க வசதி கிடையாது. ஒருவர் முன்னால் போய் நின்று, அவரைத் தேர்ந்தெடுத்து, பட்டியலைத் திறக்க வேண்டும். ஒவ்வொரு தட்டலும் சர்வருக்குப் போய்த் திரும்பி வர வேண்டும். அதுவரை காத்திருக்க வேண்டும். மீன் இருக்கிறது, மரக்கட்டை இருக்கிறது, கையுறை இல்லை. மூடிவிட்டு அடுத்தவரிடம். அவரிடமும் இல்லை. அதற்கடுத்தவர் திரையில் இன்னும் வந்து சேரவே இல்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, இரவில் ஒரு மணி நேரம் விளையாடலாம் என்று உட்காருகிறவருக்கு அந்த மணி நேரம் முழுதும் கையுறை தேடுவதிலேயே போய்விடும்.

இன்னும் இருந்தன. நம் பாத்திரம் ஏற்கும் ஒரு தொழிலில், ஒரு வாரத்தில் முதல் 8 மணி நேரத்துக்குத்தான் முழு அனுபவப் புள்ளி; பாத்திரம் வளரத் தேவையான புள்ளி அது. அடுத்த 7 மணி நேரத்தில் அது படிப்படியாகக் குறைந்து பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஆசையாக விளையாடுகிறவனைப் பார்த்து "போதும், எழுந்திரு" என்று சொல்வது போன்ற விதி. காட்டிலும் மலையிலும் ஒரே நிலத்துண்டை வெட்டி வெட்டி ஒட்டியிருந்தார்கள். ஒரு பூந்தொட்டியின் கதை பின்னாளில் பிரபலமானது. தெருவோரத் தொட்டி ஒன்றை வரைவதற்கு 1000 பாலிகன்களை, அதாவது கணினி உருவத்தை ஒட்டிச் சேர்க்கும் சின்னச் சின்னத் தளத்துண்டுகளை, செலவழித்திருந்தார்கள். ஒரு முழு மனிதப் பாத்திரத்துக்கு ஆகும் அளவு அது. அழகுக்குச் செலவழித்த உழைப்பெல்லாம் கணினியை மூச்சுத்திணற வைத்தது; கையுறை வாங்க வழி இல்லை. ஜப்பானிய விளையாட்டுக்காரர்களைச் சுட்டது வேறொரு விஷயம். இந்த வரிசையின் செல்லப் பறவை சொக்கோபோ. குழந்தையிலிருந்து அவர்கள் உச்சரித்த அந்தப் பெயரை விட்டுவிட்டு, 'குதிரைப் பறவை' என்று பொருள்படும் இரண்டு எழுத்துகளைப் போட்டிருந்தார்கள். வீட்டு நாயின் பெயரை யாரோ மாற்றிவிட்டது போல் அவர்களுக்கு வலித்தது. எனக்கு அந்த வலி நன்றாகவே புரிகிறது.

கோபத்தைக் கொட்டித் தீர்த்தார்கள். விமர்சகர்களும் விட்டுவைக்கவில்லை. சந்தா வாங்கும் நிலையில் நிறுவனமே இல்லை. இலவச காலத்தை நீட்டிக்கொண்டே போனது. 2010 டிசம்பரில் தயாரிப்பாளர் பொறுப்பிலிருந்து ஹிரோமிச்சி டனாகா விலகினார். அடுத்த ஆண்டு, ஃபைனல் ஃபேன்டசி என்ற பெயரே பெரிதும் சேதமடைந்துவிட்டது என்று நிறுவனத்தின் தலைவர் யோய்ச்சி வாடா வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

இந்த இடத்தில் என் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். பந்தியில் உட்கார்ந்து "சாம்பாரில் உப்பில்லை" என்று சத்தம் போடுகிறவர் இன்னும் சாப்பிட விரும்புகிறவர். பிடிக்காதவர் இலையை மடித்துவிட்டுப் பேசாமல் எழுந்து போய்விடுவார். 2010இல் எழுந்து போனவர்கள் ஏராளம். ஆனால் உட்கார்ந்தபடியே திட்டிக்கொண்டிருந்தவர்கள் சிலர் இருந்தார்கள். அவர்கள் திட்டியதை ஒருவர் வரி வரியாகப் படித்தார். விளையாட்டு இன்றைக்கு உயிரோடு இருப்பதற்குக் காரணம் அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

படித்தவர் நவோகி யோஷிடா. டனாகாவுக்குப் பின் பொறுப்பேற்றவர். அதற்குமுன் அதே நிறுவனத்தின் டிராகன் குவெஸ்ட் என்ற இன்னொரு விளையாட்டு வரிசையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவரே பல ஆண்டுகள் இரவு பகலாக ஆன்லைன் விளையாட்டுகளில் மூழ்கிக் கிடந்தவர். சந்தைக் கூடத்தில் நிற்பவரின் எரிச்சல் அவருக்கு இன்னொருவர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர் எடுத்த முடிவு அசாத்தியமானது. பழைய விளையாட்டை ஒருபுறம் பழுதுபார்த்துக்கொண்டே, மறுபுறம் அடித்தளத்திலிருந்து புதிதாக ஒன்றைக் கட்டுவது. இரண்டும் ஒரே நேரத்தில். இடையிடையே தன் பெயரில், தயாரிப்பாளரின் கடிதம் என்று விளையாட்டுக்காரர்களுக்கு நேரடியாக எழுதினார். கருத்துக் கணிப்பு நடத்தி எது முதலில் சரியாக வேண்டும் என்று கேட்டார். செய்ய முடியாததை முடியாது என்று காரணத்தோடு சொன்னார். சொக்கோபோவுக்கு அதன் பெயர் திரும்பக் கிடைத்தது. "போதும், எழுந்திரு" என்ற அந்த 8 மணி நேர விதி போனது. சந்தையில் தேடும் வசதி வந்தது.

2011 அக்டோபரில் புதிய பதிப்பைப் பற்றி அறிவித்தார்கள். 2012 ஜனவரியில் பழைய விளையாட்டுக்குச் சந்தா வசூலிக்கத் தொடங்கினார்கள். நேயர்களே, இதைச் சற்று யோசித்துப் பாருங்கள். இடிக்கப் போகிற வீடு இது என்று சொல்லிவிட்டு வாடகை கேட்கிறார்கள். கொடுத்தார்கள்! முணுமுணுப்பும் இருந்தது, ஆனாலும் கொடுத்தார்கள். மூன்று மாதமாவது கட்டியவர்களுக்கு 'லெகசி' என்று ஓர் அடையாளம் கிடைத்தது. பாத்திரத்தின் உடலில் பச்சை குத்தியது போன்ற ஒரு குறி, சந்தாவில் நிரந்தரச் சலுகை, புதிய பதிப்பு முடிந்ததும் ஓடும் பெயர்ப் பட்டியலில் அவர்கள் பாத்திரத்தின் பெயர். சலுகைக்காகக் கட்டினார்கள் என்று சிலர் சொல்வார்கள். நான் ஏற்க மாட்டேன். கூப்பிட்ட குரலுக்கு ஒருவர் "சொல்லுங்க" என்று திரும்பிப் பார்த்திருக்கிறார். அதற்காகக் கட்டினார்கள்.

அந்தக் கடைசி மாதங்களில் வானத்தில் ஒரு மாற்றம் தெரிந்தது. இயோர்சியாவுக்கு இரண்டு நிலாக்கள். அதில் டாலமுட் என்ற சின்ன சிவப்பு நிலா, ஒவ்வொரு முறை விளையாட்டைப் புதுப்பிக்கும்போதும் கொஞ்சம் பெரிதாகிக்கொண்டே வந்தது. யாரும் எச்சரிக்கைப் பலகை வைக்கவில்லை. மீன் பிடிக்கும்போது தலையைத் தூக்கினால் அது முன்பைவிட அருகில் இருக்கும். விளையாட்டை மூட வேண்டிய தொழில்நுட்பக் கட்டாயத்தை அவர்கள் கதையின் ஊழிக்காலமாக மாற்றினார்கள்.

2012 நவம்பர் 11. கடைசி நாள். அன்று நான் அங்கே இல்லை. மற்றவர்கள் பதிவு செய்துவைத்ததைப் பின்னாளில் பார்த்தேன், ஒருமுறைக்கு மேல். ஊர்களுக்குள் அரக்கக் கூட்டம் புகுகிறது. வெல்ல முடியாது என்று தெரிந்தும் சண்டை போடுகிறார்கள். வானம் முழுக்கச் சிவப்பு. சண்டையை நிறுத்திவிட்டு நண்பர்களோடு ஓரிடத்தில் உட்கார்ந்துகொண்டவர்களும் உண்டு. உரையாடல் பெட்டியில் நன்றி, நன்றி என்று வரிகள் ஓடுகின்றன. இரண்டு ஆண்டுகள் அந்த விளையாட்டைத் திட்டித் தீர்த்தவர்கள் எழுதிய நன்றி அது. பிறகு இணைப்பு அறுந்தது. அதைத் தொடர்ந்து ஒரு காணொளி வந்தது. நிலா பிளக்கிறது. உள்ளிருந்து பஹாமுட் என்னும் மாபெரும் டிராகன் வெளிப்பட்டு உலகை எரிக்கிறது. லூயிசுவா என்ற கிழ ஞானி எஞ்சிய வீரர்களைக் காலத்தைத் தாண்டி அனுப்பிவைத்துவிட்டுத் தான் அங்கேயே நின்றுவிடுகிறார். நொபுவோ உவெமட்சு இசையமைத்து சூசன் காலவே பாடிய பாட்டு பின்னணியில் ஒலிக்கிறது. அதன்பிறகு பல மாதங்கள் அந்த உலகம் இல்லை.

2013 ஆகஸ்ட் 27 அன்று புதிய பதிப்பு வந்தது. கதையில் ஐந்து ஆண்டுகள் கடந்திருக்கின்றன. பழைய விளையாட்டுக்காரர்கள் தங்கள் பாத்திரத்தோடு திரும்பி வருகிறார்கள். ஊர்மக்கள் அவர்களை நினைவில் வைத்திருக்கிறார்கள், அரைகுறையாக. எங்களுக்காகப் போரிட்ட வீரர்கள் இருந்தார்கள், ஆனால் முகத்தை நினைக்கப் போனால் எதிர்வெயிலில் நிற்கிறவர்களைப் போல் கண் கூசுகிறது, பெயரும் நாவில் வருவதில்லை என்கிறார்கள். கதைக்குள் இப்படி மறக்கப்பட்ட அந்த ஆட்களின் பெயர்கள் கதை முடிந்ததும் திரையில் வரிசையாக ஓடுகின்றன. நான் அதை 2015இல் பார்த்தேன். ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது. ஆனாலும் அந்தப் பட்டியலைக் கடைசிவரை தாண்டாமல் பார்த்தேன்.

இந்த உறவு எப்போதும் இனிமையானதாக இருந்ததில்லை. 2021இல் எண்ட்வாக்கர் என்ற பகுதியின் வெளியீடு இரண்டு வாரம் தள்ளிப்போனபோது யோஷிடா நேரலையில் கண்கலங்கி மன்னிப்புக் கேட்டார். வெளியானபின் கூட்டம் தாங்கவில்லை. உலகளவில் சிப் தட்டுப்பாடு இருந்த காலம். சர்வர்களைக் கூட்ட முடியவில்லை. மணிக்கணக்கில் வரிசையில் காத்திருந்து, பாதியில் பிழை 2002 என்று வெளியே தள்ளப்பட்டார்கள். டிசம்பர் நடுவில் விற்பனையையே நிறுத்தி ஜனவரி 25 அன்றுதான் மறுபடி தொடங்கினார்கள். எரிச்சல் இருந்தது, பொறுத்தும்கொண்டார்கள்.

2024இல் வந்த டான்ட்ரெயில் பகுதிக்கு வந்த எதிர்வினைதான் என்னைச் சங்கடப்படுத்தியது. கதை மெதுவாக நகர்கிறது, வூக் லமாட் என்ற ஒரே பாத்திரம் எல்லாக் காட்சியையும் எடுத்துக்கொள்கிறது என்றார்கள். நியாயமான குறை, எனக்கும் அதே எண்ணம்தான். ஆனால் சிலர் அதோடு நிற்காமல், அந்தப் பாத்திரத்துக்கு ஆங்கிலத்தில் குரல் கொடுத்த நடிகையைத் தனிப்பட்ட முறையில் தூற்றினார்கள். சாம்பாரில் உப்பில்லை என்று சொல்வதும், பரிமாற வந்தவரை அவமானப்படுத்துவதும் எப்படி ஒன்றாகும்? 2010இன் கோபத்தைக் காட்டி இதற்கு நியாயம் கற்பிக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. அன்று எழுதியவர்கள் கையுறையைப் பற்றி எழுதினார்கள்.

இதே கூட்டத்தின் இன்னொரு முகத்தையும் பார்த்திருக்கிறேன். 2021 மே மாதம், பெர்செர்க் காமிக்ஸ் வரைந்த கென்டாரோ மியுரா 54 வயதில் இறந்துபோன செய்தி வந்தது. உடல் உயரத்துக்கு வாள் சுமக்கும் இருள்வீரன் என்ற தொழில் எங்கள் விளையாட்டில் உண்டு. அதைப் பார்த்தால் அவருடைய நாயகன் நினைவுக்கு வராமல் இருக்க மாட்டான். அன்று யாரும் ஏற்பாடு செய்யாமலே சர்வர் சர்வராக இருள்வீரர்கள் ஊர்த்தெருக்களில் இரண்டு பக்கமும் வரிசையாக வந்து நின்றார்கள். நானும் போய் வரிசையின் கடைசியில் நின்றேன். யாரும் பேசவில்லை. புதிதாக வருகிறவர் காலியாக இருக்கும் இடத்தைப் பார்த்து, வாளை உருவிக்கொண்டு நின்றுவிடுவார். வரிசை தெருமுனையைத் திரும்பி அடுத்த தெருவுக்கும் போனது. எங்கள் வீட்டில் அப்போது மணி நள்ளிரவைத் தாண்டியிருந்தது. அம்மா எழுந்து வந்து, "என்ன, எல்லாரும் சும்மா நிக்கிறாங்க?" என்று கேட்டார். ஒருவர் தவறிவிட்டார் என்றேன். அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

சித்திக்குக் கடைசியாகச் சொன்னதைச் சொல்லி முடிக்கிறேன். நான் விளையாட ஆரம்பித்த புதிதில், லெகசி குறி உள்ள ஜப்பானிய விளையாட்டுக்காரர் ஒருவர் வழியில் அறிமுகமானார். எனக்கு ஜப்பான் மொழி தெரியாது. அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான். விளையாட்டிலேயே சில சொற்களை மொழிமாற்றித் தரும் வசதி உண்டு. அதை வைத்துப் பேசிக்கொண்டோம். பின்னால் வரச் சொல்லி அவர் என்னை எரியும் சுவர் என்ற இடத்துக்குக் கூட்டிப்போனார். டாலமுட் விழுந்த பேரழிவில் தரையைப் பிளந்துகொண்டு மலை மலையாகப் படிகங்கள் எழுந்து நிற்கும் இடம் அது. அவர் கையை நீட்டி ஒரு படிகத்தின் அடிப்பகுதியைக் காட்டினார். ஒவ்வொரு சொல்லாகத் தட்டினார். முன்பு. இங்கே. பாதை. நண்பர்கள்.

பிறகு தலைகுனிந்து வணங்கினார். நானும் வணங்கினேன்.

நன்றி நேயர்களே, வணக்கம்.