உறிஞ்சியது எங்கே போகிறது?

அவையோருக்கு வணக்கம்.

‘உறிஞ்சுதல்’ பற்றிப் பேசக் கேட்டார்கள். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது பள்ளிக்கூடத்து ஒற்றுத்தாள். மை ஊற்றி எழுதிய காலம் அது. எழுதிய பக்கத்தின் மேல் அந்தத் தாளை வைத்து அழுத்துவோம். எடுத்துப் பார்த்தால் நம் கையெழுத்து இடம் வலம் மாறி அதில் குடியேறியிருக்கும். ஒற்றியெடுத்த மை எங்கே போனது என்று தாளே காட்டிக்கொடுத்துவிடும். எல்லாப் பொருளும் இப்படி ஒளிவுமறைவில்லாமல் இருப்பதில்லை.

தமிழில் இதற்குச் சொல் பஞ்சமே இல்லை. அரிசி ஊறுகிறது, துணி சாயத்தில் தோய்கிறது, காய்ந்த நிலம் மழையைக் குடிக்கிறது. ‘ஊறு’ இருக்கிறதே, விசித்திரமான சொல். அரிசிக்குள் தண்ணீர் போவதும் ஊறல்தான், கேணிக்குள் தண்ணீர் சுரப்பதும் ஊறல்தான். இத்தனையும் கையில் இருக்க, நாம் எதற்கெடுத்தாலும் ‘உறிஞ்சுகிறது’ என்று சொல்லிவிட்டுப் போகிறோம். புதுச் செருப்புப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் கிடக்கும். அது ஈரத்தை உறிஞ்சுகிறது என்றால் வேதியியல் ஆசிரியர் முகம் சுளிப்பார். ஈரம் அந்த மணிகளின் நுண்துளைச் சுவர்களில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். அதற்குப் பரப்புக் கவர்ச்சி என்று தனிப் பெயரே உண்டு. தண்ணீர் வடிகட்டியில் இருக்கும் கிளர்வூட்டிய கரியும் அதே சாதி. அதில் ஒரு கிராம் எடுத்துத் துளைச் சுவர்களையெல்லாம் விரித்துப் போட முடிந்தால் 500 சதுர மீட்டருக்கும் மேல் வரும். ஒரு சிட்டிகைக் கரிக்குள் இரண்டு கிரவுண்டு மனை!

இனி ஒளிக்கு வருவோம். 1814-இல் பவேரியாவில் ஜோசப் ஃபிரான்ஹோஃபர் என்ற கண்ணாடிக் கைவினைஞர், நல்ல லென்ஸ் செய்யும் முயற்சியில் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்துப் பார்த்தார். வண்ணப் பட்டையின் குறுக்கே 500-க்கும் மேற்பட்ட கருங்கோடுகள். மஞ்சள் பகுதியில் இருந்த கோட்டுக்கு ‘டி’ என்று பெயர் வைத்தார். காரணம் அவருக்குப் பிடிபடவில்லை. 1859-இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் கிர்க்காஃப், பன்சன் என்ற இரு விஞ்ஞானிகள் அந்தப் புதிரை அவிழ்த்தார்கள். அவர்கள் கண்டதன் ஒரு பாதியை உங்கள் சமையலறையிலேயே பார்க்கலாம். உப்புத் தண்ணீர் பொங்கி அடுப்பில் வழிந்தால் தீ மஞ்சளாகிறதல்லவா? அது உப்பில் உள்ள சோடியத்தின் நிறம். அந்த மஞ்சள் வண்ணப் பட்டையில் எங்கே விழுமோ, சரியாக அங்கேதான் சூரிய ஒளியில் கருங்கோடு விழுந்திருக்கிறது. சூரியனின் மேலடுக்கில் உள்ள சோடியம், கீழிருந்து வரும் ஒளியில் தனக்குரிய மஞ்சளை மட்டும் வழிமறித்து வாங்கிக்கொள்கிறது.

வாங்கியதை என்ன செய்கிறது? பெரும்பாலும் நாலா திசையிலும் திருப்பி வீசிவிடுகிறது. நம் பக்கம் நேரே வரவேண்டியது குறைந்துபோகிறது. அந்தக் கோடு முழு இருட்டும் அல்ல. பக்கத்தில் இருக்கும் பிரகாசத்துக்கு முன்னால் கறுப்பாகத் தெரிகிறது.

இந்தக் கோடுகளில் நம் மலைக்கும் ஒரு பங்கு உண்டு. 1909 ஜனவரியில் கொடைக்கானல் வானாய்வகத்தில் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளியை, அதாவது சூரியன் முகத்துக் கருந்திட்டைச் சுற்றிய மங்கலான வளையத்தில் (அரைநிழல் பகுதி என்பார்கள்) இவை இம்மியளவு இடம் பெயர்ந்திருப்பதைக் கண்டார். வாயு நம்மை நோக்கியோ விலகியோ ஓடினால் அதன் கோடும் சற்று நகரும். அங்கே வாயு புள்ளியிலிருந்து வெளிநோக்கிப் பாய்கிறது என்று அதிலிருந்து கணித்தார். எவர்ஷெட் விளைவு என்று உலகம் அதைச் சொல்கிறது. ஏறக்குறைய 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் அடிக்கும் காற்றை, வந்து சேராத வெளிச்சத்தை வைத்தே படித்துவிட்டார்! கொடைக்கானல் போகிற நம்மவர்கள் ஏரியில் படகு விட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள் என்பது என் நெடுநாள் மனக்குறை.

மனத்துக்கும் இந்தச் சொல்லை நீட்டுகிறோம். ஒருவர் பாடத்தை உள்வாங்கினார் என்றால் அவர் தாள், பாடம் மை. கதைப் புத்தகத்தில் ஆழ்ந்துபோனார் என்றால் புத்தகம்தான் தாள், மை அவர். வீட்டில் நான்கு முறை கூப்பிட்டும் காதில் விழாதது அதனால்தான் என்று நான் வாதாடிப் பார்த்திருக்கிறேன். எடுபடவில்லை.

வெளியே வடை வாசனை வருகிறது, ஆகவே கடைசியாக ஒன்று. வடை வாணலியில் வேகும்போதுதான் எண்ணெய் குடிக்கிறது என்று நினைக்கிறோம். வேகும்போது மாவிலுள்ள நீர் ஆவியாகி வெளியே முட்டிக்கொண்டிருக்கும், எண்ணெயை அவ்வளவாக உள்ளே விடாது. எடுத்து வைத்து ஆறத் தொடங்கியதும் உள்ளே மிஞ்சிய ஆவி நீராகச் சுருங்குகிறது. அந்த வெற்றிடத்துக்குள்தான் மேலே ஒட்டிய எண்ணெய் நிறைய இழுபடுகிறது. சூட்டோடு சூடாக எண்ணெயை வடியவிட வேண்டியது அந்தச் சில நிமிடங்களில்தான். நான் பேச்சை நிறுத்தாவிட்டால் அதுவும் கடந்துவிடும். நன்றி, வணக்கம்.