வெண்டல் ஸ்காட்டின் கோப்பை: கணக்குத் தவறா, வேறு ஏதாவதா?

சரி, அடுத்த கேள்வி. இரண்டு நாளாக என் மண்டையைக் குடைந்த கேள்வி இது. ‘அமெரிக்கக் கார்ப் பந்தய ஓட்டுநர் வெண்டல் ஸ்காட் ஜெயித்த நாஸ்கார் பந்தயத்தில் கோப்பையை வேறொருவருக்குக் கொடுத்தார்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். அது நிஜமாகவே கணக்குத் தவறா, வேண்டுமென்றே செய்ததா?’ ஆமாம், ஒரே வரியில்தான் தாண்டினேன். தப்பு என்னுடையது.

நாஸ்கார் எப்படிப் பிறந்தது என்பதெல்லாம் கள்ளச் சாராயம் கடத்திய கார்கள் பற்றிய பேச்சிலேயே வந்துவிட்டது. புதிதாக வந்தவர்களுக்கு மட்டும்: சாலையில் ஓடும் கார்களைப் பந்தயத்துக்கு ஏற்றபடி முறுக்கேற்றி, அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ஓட்டிய பந்தயம். அவ்வளவு போதும்.

1963 டிசம்பர் 1, புளோரிடாவில் ஜாக்சன்வில். அரை மைல் மண் தடம், 200 சுற்று. ஸ்காட் கறுப்பினத்தவர், வயது 42. ஓட்டியது இன்னொரு ஓட்டுநரான நெட் ஜாரெட்டிடம் வாங்கிய பழைய செவ்ரோலே, எண் 34. இன்னும் 25 சுற்று இருக்கும்போது ரிச்சர்ட் பெட்டியைத் தாண்டி முன்னால் போய்விட்டார். 200 சுற்றும் ஓடி முடித்தார். பந்தயம் முடிந்தது என்று காட்டும் கொடி விழவில்லை. மனிதர் என்ன செய்வார்? ஓட்டிக்கொண்டே இருந்தார். அவர் 202 சுற்று முடித்த நேரத்தில் அந்தக் கட்டம்போட்ட கொடி ஆடியது, பக் பேக்கர் என்ற வேறொரு ஓட்டுநருக்கு! கோப்பையும் பேக்கர் கைக்குப் போனது. கூட்டமெல்லாம் கலைந்து சில மணி நேரம் கழித்து, ஜெயித்தது ஸ்காட்தான் என்று ஒப்புக்கொண்டார்கள். பரிசுப் பணம் வந்தது. கோப்பைதான் வரவில்லை.

சுற்றுகளை எண்ணியதில் கணக்குத் தவறு என்பதுதான் பந்தயம் நடத்தியவர்கள் சொன்ன காரணம். நியாயமாகப் பேச வேண்டும் என்றால், அப்படி நடக்கவே நடக்காது என்று சொல்ல முடியாது. அப்போது கம்ப்யூட்டர் இல்லை. ஒவ்வொரு காருக்கும் ஓர் ஆள் உட்கார்ந்து, அது கடக்கும்போதெல்லாம் அட்டையில் கையால் குறித்துக்கொள்ள வேண்டும். புழுதிக்கு நடுவே கண் சிமிட்டினால் ஒரு சுற்று போச்சு. 1959இல் முதல் டேடோனா 500 பந்தயத்தில் ஜெயித்தவர் யார் என்று முடிவு செய்ய மூன்று நாள் ஆனது. அன்றைக்கு ஜானி போசாம்ப் என்று சொல்லி மரியாதை எல்லாம் செய்துவிட்டு, படங்களைப் பார்த்தபின் லீ பெட்டிதான் என்று மாற்றினார்கள். அதே வருடம் அட்லாண்டாவின் லேக்வுட் தடத்தில் இன்னும் வேடிக்கை. ஜெயித்தது ரிச்சர்ட் பெட்டி என்று அறிவித்தார்கள். ‘இல்லை, நான்தான்’ என்று ஒருவர் புகார் கொடுத்தார், ஜெயித்தும்விட்டார். அவர் வேறு யாருமில்லை, ரிச்சர்டின் அப்பா லீ பெட்டி! பெற்ற பிள்ளையின் முதல் வெற்றி என்றுகூடப் பார்க்கவில்லை மனிதர்.

ஆக, தவறு நடக்கும். ஆனால் மேடையில் ஜெயித்தவருக்கு முத்தம் கொடுக்க ஒரு வெள்ளைக்கார அழகி நிற்பது அந்தக் கால வழக்கம். 1963இல் புளோரிடாவில் ஒரு கறுப்பர் அந்த மேடையில் ஏறுவதா? அதற்காகத்தான் செய்தார்கள் என்பது ஸ்காட்டின் எண்ணம். நானும் அந்தப் பக்கம்தான் சாய்கிறேன். அட்டையில் சுற்று தவறியிருக்கலாம், சரி. உண்மை தெரிந்தபின் கோப்பையைக் கொடுக்க என்ன தடை? குடும்பத்தின் கைக்கு அது வந்தது 2021 ஆகஸ்ட் 28, டேடோனாவில். மறுநாள் அவருக்கு நூறு வயது நிறைந்திருக்கும். அவர் 1990லேயே போய்விட்டார்.

கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் எனக்கு ஓர் ஆதங்கம். ஸ்காட் என்றாலே எல்லோரும் கோப்பையைத்தான் கேட்கிறீர்கள். இந்த மனிதர் நாஸ்காரின் மேல்மட்டத்தில் 495 பந்தயம் எப்படி ஓட்டினார் என்று ஒருவராவது கேளுங்களேன்!

வர்ஜீனியாவில் டான்வில் ஊர். டாக்சி ஓட்டியிருக்கிறார், உலகப் போரில் ராணுவ மெக்கானிக், திரும்பி வந்து சொந்தப் பட்டறை. ராத்திரியில் கள்ளச் சாராயம் கடத்தல், அதை நான் மறைக்கப் போவதில்லை. 1952இல் டான்வில் பந்தயக்காரர்கள் கறுப்பினக் கூட்டத்தை இழுக்க ஒரு கறுப்பின ஓட்டுநரைத் தேடினார்கள். யாரைப் போய்க் கேட்டார்கள் தெரியுமா? போலீசை! ‘எங்களால் துரத்திப் பிடிக்க முடியாத ஆள் ஒருவன் இருக்கிறான்’ என்கிற கணக்கில் போலீசே ஸ்காட்டைக் கைகாட்டியது. இதைவிட நல்ல சிபாரிசுக் கடிதம் உண்டா?

பெரிய அணிகளுக்குக் கார் கம்பெனிகளின் பணம் இருந்தது. இவருக்கு இல்லை. மற்றவர்கள் ஓட்டி முடித்த கார், பழைய உதிரிபாகம், பந்தயத்தின் நடுவே காரை நிறுத்திச் சரிபார்க்கும் பிட்டில் வேலைக்குச் சொந்தப் பிள்ளைகள். காரின் மேல் ‘மெக்கானிக்: நானேதான்’ என்று எழுதி வைத்திருந்தார். நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: தன் காரைத் தானே சரிசெய்கிறவன் இன்னொருவன் காரில் மோதத் துணிய மாட்டான். வேண்டுமென்றே இடித்தவர்கள் இருந்தார்கள். திருப்பி இடித்தால் அடுத்த வாரம் ஓட்டக் கார் இருக்காது. அதற்கு மேல், அந்த ஊர்களில் ஒரு கறுப்பர் திருப்பி இடித்தால் கதை காரோடு முடியாது. டார்லிங்டன் பந்தயத் தடத்தில் அவரைப் பல வருடம் உள்ளேயே விடவில்லை. இத்தனைக்கும் நடுவே 147 முறை முதல் பத்து இடங்களுக்குள் முடித்தார். 1966இல் அந்த வருடத்தின் மொத்தப் புள்ளிகளில் ஆறாம் இடம்!

1973இல் கடன் வாங்கி ஒரு நல்ல மெர்க்குரி காரோடு அலபாமாவின் டல்லடேகா தடத்துக்குப் போனார். பந்தயம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் இருபதுக்கும் மேற்பட்ட கார்கள் ஒன்றோடொன்று மோதின. இவருக்கு இடுப்பெலும்பு, விலா எலும்பெல்லாம் முறிந்தது. அந்த அக்டோபரில் சார்லட்டில் இன்னும் ஒரே ஒரு முறை வந்து பன்னிரண்டாவதாக முடித்துவிட்டு, டான்வில் பட்டறைக்கே திரும்பிவிட்டார். அதே டல்லடேகாவில்தான் 2021 அக்டோபரில் பப்பா வாலஸ் ஜெயித்தார். இந்த மட்டத்தில் ஜெயித்த இரண்டாவது கறுப்பின ஓட்டுநர் அவர்.

லேக்வுட்டில் அப்பா புகார் கொடுத்தபோது மகன் என்ன சொன்னார் என்று இப்போதே சிலர் எழுத ஆரம்பித்திருப்பீர்கள், எனக்குத் தெரியும். பெட்டி குடும்பத்துக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறேன், அன்றைக்குக் கேளுங்கள்.