'நல்லதுக்கு மட்டும்' என்ற உரிமம் ஏன் தேறவில்லை?

(மதுரையில் கணினி மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம்.

மாசி வீதிப் பக்கம் கல்யாணப் பத்திரிகை கம்போஸ் செய்யும் கடை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் சும்மா கிடைத்த தமிழ் எழுத்துரு ஒன்றை இறக்குகிறார்கள். ஜிப்பைப் பிரித்தால் கூடவே ஓர் உரிமக் கோப்பு இருக்கும். அதை யார் திறக்கிறார்கள்? திறந்தால், 'சொந்த உபயோகத்துக்கு மட்டும்' என்று ஒரு வரி. முந்நூறு பத்திரிகை அடித்துக் காசு வாங்கிய அன்றே உரிமத்தை மீறியாயிற்று. விலை இல்லை, கட்டு இருக்கிறது.

இந்தக் கட்டைக் கண்டுபிடிக்கத்தான், டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கும் சமூகம் 1997 ஜூலையில் பத்து விதிகளை ஏற்றுக்கொண்டது. இவற்றில் தேறினால்தான் ஒரு மென்பொருள் 'கட்டற்றது', அதாவது யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம். பத்தையும் ஒப்பிக்கப் போவதில்லை. சண்டை வரும் இடங்களை மட்டும் பார்ப்போம்.

ஆறாவது விதி, எந்தத் தொழிலுக்கும் தடை கூடாது என்கிறது. நம் எழுத்துரு இங்கேயே விழுந்துவிடும். நிரல்கள் தகவல் பரிமாறும் ஜேசன் வடிவத்துக்கான நிரலோடு வந்த ஜேசன் உரிமத்தில், 'நல்லதுக்கே பயன்படுத்த வேண்டும், கெட்டதுக்குக் கூடாது' என்று ஒரு வரி உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மதுக்கடைக்கு பில் போடும் நிரல் இதில் எந்தப் பக்கம்? யார் தீர்ப்புச் சொல்வது? அந்த ஒரு வரிக்காகவே டெபியன் அதைக் கட்டற்றதாக ஏற்கவில்லை.

இரண்டாவது விதி, மூலநிரலும் கூடவே வேண்டும் என்கிறது. சுருக்கிப் பிழிந்த ஜாவாஸ்கிரிப்ட் கோப்பைக் கொடுத்துவிட்டு, 'எழுத்தாகத்தானே இருக்கிறது' என்பார்கள். எழுதியவர் திருத்தத் திறப்பது எந்தக் கோப்பையோ அதுதான் மூலம். எழுத்துரு வரையும் மென்பொருளான ஃபான்ட்ஃபோர்ஜில் வரைந்திருந்தால், அது சேமிக்கும் எஸ்எஃப்டி கோப்பு வேண்டும். 'கூ', 'ணை' எப்படிச் சேர வேண்டும் என்ற விதிகளைத் திருத்த வசதி அதில்தான்.

எல்லாக் கட்டுப்பாடும் ஆகாது என்று நினைத்துவிடாதீர்கள். எழுத்துருக்களுக்கென எழுதிய ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ், எழுத்துருவைத் தனியாக விற்கக் கூடாது என்கிறது. ஆனாலும் டெபியனில் தேறியது. முதல் விதி கேட்பது, பல நிரல்களோடு சேர்த்துத் தொகுப்பாக விற்பதைத் தடுக்காதே என்பது மட்டுமே. மாற்றினால் பெயரையும் மாற்று என்பதை நாலாவது விதி அனுமதிக்கிறது. ஃபயர்பாக்ஸ் டெபியனில் 2006 முதல் 2016 வரை ஐஸ்வீசல் என்று இருந்ததும் பெயர், சின்னம் பற்றிய தகராறால்தான்.

தேறியவை டெபியன் களஞ்சியத்தின் 'மெயின்' பிரிவுக்குப் போகும். தான் கட்டற்றதாக இருந்தும் கட்டுள்ள ஒன்றை நம்பி ஓடுவது 'கான்ட்ரிப்'. தேறாதவற்றுக்கு 'நான்-ஃப்ரீ'. வைஃபை அட்டைக்குள் ஓடும் நிரலான ஃபர்ம்வேர் கட்டுள்ளதாக இருந்ததால், அது இல்லாமல் நிறுவல் பாதியில் நின்ற தொல்லைக்கு, 2022-இல் வாக்கெடுத்து அதற்கெனத் தனிப் பிரிவு வைத்தார்கள். வளைந்து கொடுத்தார்கள்தான், ஆனால் வரையறையைத் தொடவில்லை. சரியான முடிவு.

டெபியன் கணினி கைவசம் இருந்தால், யுஎஸ்ஆர், ஷேர், டாக் என்று வரிசையாக உள்ளே போய், நிறுவிய மென்பொருள் பொதியின் பெயரில் உள்ள கோப்புறையில் 'காப்பிரைட்' கோப்பைத் திறந்து பாருங்கள். எந்தக் கோப்புக்கு எந்த உரிமம் என்று இருக்கும்.

கடைசியாக, உங்கள் சொந்த நிரல். கிட்ஹப்பில் போட்டுவிட்டு உரிமம் எழுதாமல் விட்டால், சட்டப்படி எல்லா உரிமையும் உங்களிடமே இருக்கிறது. மற்றவர் அதை மாற்றிப் பகிர முடியாது. 'நான்-ஃப்ரீ'யில்கூட இடம் கிடைக்காது. 'யார் வேண்டுமானாலும் எடுத்துக்கலாம்' என்று வாயால் சொன்னால் போதாது. இன்றைக்கே ஓர் உரிமக் கோப்பு சேருங்கள். ஜிபிஎல்லோ பிஎஸ்டியோ, ஏற்கெனவே புழங்கும் உரிமம் ஒன்றை எடுங்கள், சொந்தமாக ஒன்று எழுத மட்டும் முயலாதீர்கள்.