மண்ணில் நாகம் மிஞ்சிவிட்டதா? செடியிடமே கேட்கலாம்

[காட்சி: யாழ்ப்பாணத்து உரும்பிராயில் ஒரு மிளகாய்த் தோட்டம். இளம் இலை ஒன்று மிகக் கிட்டத்தில்.]

நரம்புகள் பச்சையாகவே நிற்கின்றன, இடையில் மட்டும் மஞ்சள். மண்ணில் நாகம் (துத்தநாகம், zinc) என்ற உலோகம் மிஞ்சினால் இப்படி ஆகும். அது குறைந்தாலும், இரும்புச்சத்துக் குறைந்தாலும் ஏறக்குறைய இதே கோலம்தான். இலையை மட்டும் பார்த்துவிட்டு நாக உரமான நாக சல்பேற்றை வாங்கிக் கொட்டாதீர்கள் என்று தோட்டக்காரர்களை மன்றாடிக் கேட்கிறேன்.

[காட்சி: செம்பாட்டு மண், அதன் கீழே சுண்ணக்கல்.]

நம் மண்ணுக்கு அடியில் சுண்ணக்கல். கிணற்று நீரிலும் சுண்ணாம்பு. மண்ணின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு ஒரு படி ஏறினால் கரையக்கூடிய நாகம் ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அதனால் இங்கே மிகையைவிடக் குறைபாட்டுக்கே வாய்ப்பு அதிகம். மிகையைத் தேட வேண்டிய இடங்கள் வேறு: நாகம் பூசிய பழைய தகரக் கூரையின் வடிநீர் விழும் ஓரம், ரயர் எரித்த சாம்பல் கிடக்கும் மூலை, பழைய பற்றரி உடைத்த இடம், ஆண்டுக்கணக்காகக் கோழி எரு கொட்டிய பாத்தி.

ஆய்வுகூடத்தில் மண்ணைக் கடும் அமிலத்தில் கரைத்து அளந்தால் அதில் பூட்டிக் கிடக்கும் நாகமும் சேர்ந்தே எண்ணில் வரும். வேருக்கு எட்டுவதை ஓரளவு காட்டுவது, டி.டி.பி.ஏ. (DTPA) என்ற வேதிப்பொருளின் கரைசலால் நாகத்தைப் பிரித்தெடுத்து அளக்கும் சோதனை. 1978இல் லிண்ட்சே, நோர்வெல் என்ற மண் ஆய்வாளர்கள் வெளியிட்ட இந்த முறை சுண்ணாம்பு மண்ணுக்குப் பொருந்துவது. ஆனால் குறைபாட்டைக் கண்டறியவே அது உருவானது. நஞ்சா என்று தீர்ப்புச் சொல்லச் செடி வேண்டும்.

[காட்சி: வரிசையாகச் சட்டிகள்.]

சந்தேகப்படும் மண்ணையும் அதே வகையான சுத்த மண்ணையும் வெவ்வேறு விகிதங்களில் கலந்து பயறு விதையுங்கள். சுத்த மண் மட்டும் உள்ள சட்டி கட்டாயம் இருக்க வேண்டும். அதில் பாதி விதை முளைத்த நாளிலிருந்து 14 முதல் 21 நாள் வரை காத்திருக்கச் சொல்கிறது ஓ.இ.சி.டி. (OECD) என்ற பன்னாட்டு அமைப்பின் 208ஆம் இலக்கச் சோதனை வழிகாட்டி. பிறகு நாற்றைப் பிடுங்கி வேரைக் கழுவுங்கள். நஞ்சு முதலில் வேரில்தான் தெரியும்: குட்டையாக, தடித்து, பக்க வேர் அருகிப்போய் இருக்கும்.

நாகச் சேர்மங்களை நீங்களே மண்ணில் கலந்து ஒப்பிடுவதானால் சேர்மத்தின் எடையைப் பார்க்காமல் அதிலுள்ள நாகத்தின் எடையைச் சமமாக்குங்கள். 100 கிராம் நாக ஒட்சைட்டில் நாகம் 80 கிராம். ஏழு நீர்மூலக்கூறு கொண்ட சல்பேற்றில் 23 கிராம் அளவுதான். சல்பேற்று சட்டெனக் கரையும், ஒட்சைட்டு மெல்லக் கரையும். கலந்த மறுநாளே விதைத்தால் உப்பும் அமிலத்தன்மையும் செய்த கேடு நாகத்தின் கணக்கில் ஏறிவிடும். ஈரத்தோடு சில வாரங்கள் மண்ணை ஆறவிடுவதே நேர்மையான சோதனை. ஆய்வுக்கட்டுரைகளில்கூட இந்தப் பொறுமை இல்லாததைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

[காட்சி: இலைகள் கடதாசிப் பையில்.]

இலையை ஆய்வுகூடத்துக்கு அனுப்புவோர் மங்கோசெப் தெளித்த செடியைத் தவிர்க்க வேண்டும். அந்தப் பூஞ்சணக் கொல்லியிலேயே நாகம் உண்டு. தெளிக்காத செடியின் உலர்ந்த இலையில் கிலோவுக்கு 300 மில்லிகிராமைத் தாண்டினால் மிகை என்று சந்தேகிக்கலாம். பயிருக்குப் பயிர் இது மாறும். 20க்குக் கீழே என்றால் அந்தச் செடிக்கு நாகம் போதாமல் இருக்கலாம்.