அந்தக் குகையை மறுபடியும் கட்ட வேண்டாங்க

நடுவர் ஐயா அவர்களுக்கும், எங்க அணித் தலைவருக்கும், எதிரணி நண்பர்களுக்கும், ஆடிப் பண்டிகைக்கு வந்துட்டு இந்நேரம் வரைக்கும் கலையாம உக்காந்திருக்கிற நம்ம சேலத்து சனங்களுக்கும் வணக்கமுங்க.

பழைய குடும்பப் படங்களை இன்னைக்கு மறுபடி எடுக்கலாமா கூடாதாங்கிறது தலைப்பு. கூடாதுன்னு பேச வந்திருக்கேன். பத்துப் படம் சொல்லப் போறதில்லீங்க, ஒரே படம், நம்ம ஊர்ப் படம், அலிபாபாவும் 40 திருடர்களும். 1956ல நம்ம மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்தது, டி.ஆர்.சுந்தரம் அவரே தயாரிச்சு அவரே டைரக்ட் பண்ணினது, தமிழ்ல வந்த முதல் முழுநீளக் கலர் படம். அது மெட்ராஸ் கம்பெனி இல்லீங்க, ஏற்காடு ரோட்டுக் கம்பெனி. இப்ப அங்க அந்த முகப்பு வளைவு மட்டும் நிக்குது, பஸ்ல போறப்ப எல்லாரும் பாத்திருப்பீங்க.

போன மாசம் மழை பேஞ்சு கரண்ட் போய் வந்த ஒரு ஞாயித்துக்கிழமை, தட்டுவடை செட்டு வாங்கி வெச்சுக்கிட்டு எங்கம்மா, நான், என் எட்டு வயசுப் பையன் மூணு பேரும் உக்காந்து அந்தப் படத்தைப் பாத்தோம். எங்கம்மாவுக்கு 78 வயசாகுது, சின்னப் புள்ளையா எங்க தாத்தா தோள்ல உக்காந்து பாத்த படம், நான் பாத்தது பள்ளிக்கூடம் படிக்கிறப்ப, பையனுக்கு இதான் முதல் தடவை. பாதியில எந்திரிச்சு போனை எடுத்துக்குவான்னுதான் நெனச்சேன், ஆனா பாருங்க, காசிம் குகைக்குள்ள போற இடம் வந்துச்சு. அலிபாபாவோட அண்ணன் காசிமா நடிச்சது எம்.ஜி.சக்கரபாணி, அலிபாபாவா நடிச்ச எம்.ஜி.ஆருக்கு நெசமாவே கூடப்பொறந்த அண்ணன். தங்கத்தைப் பாத்த ஆசையில வெளிய வர்றதுக்கான வார்த்தை அவருக்கு மறந்து போயிடுது. என் பையன் டிவி முன்னாடி போய் நின்னுக்கிட்டு "திறந்திடு சீசேம், திறந்திடு சீசேம்"னு கத்துறான். கெட்டவன்னு தெரிஞ்சும் காப்பாத்தப் பாக்குறான். எங்கம்மா சொன்னாங்க, "கத்தாத சாமி, அவன் கண்ணு பூரா காசுல இருக்குது, உஞ்சத்தம் எங்க கேக்கும்"னு.

அந்த ஒரு பேச்சு போதும்ங்க எனக்கு. பேராசைன்னா என்னன்னு நான் அவனுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன், அவனோட அம்மாயி, எங்கம்மா, ஒரே வரியில சொல்லிட்டாங்க, சொல்றதுக்கு அந்தப் படம் எடம் குடுத்துச்சு. எதிரணித் தோழர் இப்ப பேசினாரு, கிராபிக்ஸ்ல அந்தக் குகையை எவ்வளவு பிரமாண்டமா காட்டலாம்னு. காட்டலாம்ங்க, யாரு இல்லேன்னா? ஆனா அந்தச் சத்தத்துல எங்கம்மா பேசினா பேரனுக்குக் கேக்குமா? ரெண்டு நிமிசத்துக்கு ஒரு வெடி, காது கிழியுற பேக்ரவுண்டு மியூசிக், வயசானவங்க நடுவுலயே எந்திரிச்சு ரூமுக்குப் போயிடுறாங்க. நான் பயப்படுறது அதுக்குத்தான்.

இன்னொண்ணு சொல்றேன், இதை நீங்க நல்லா யோசிக்கணும். அந்தக் கதையில எண்ணெய் பீப்பாய்க்குள்ள திருடனுங்க ஒளிஞ்சிருக்கிறதைக் கண்டுபிடிக்கிறது யாரு? எம்.ஜி.ஆர் இல்லீங்க, பானுமதி. மார்ஜியானாங்கிற அடிமைப் பொண்ணு. வீட்டுக்கு விருந்தாளியா வந்து உக்காந்திருக்கிறவன் கொள்ளைக்கூட்டத் தலைவன்னு அவதான் புரிஞ்சுக்கிறா, அந்தத் தலைவன் பி.எஸ்.வீரப்பா, அவரோட சிரிப்புக்கு இன்னைக்கும் என் பையன் தலகாணியைக் கட்டிப் பிடிச்சுக்கிறான். எம்.ஜி.ஆரை வெச்சு எடுத்த படத்துலயே மூளை அந்தப் பொண்ணுகிட்டதான் இருந்துச்சு. இன்னைக்கு எடுத்தா அதை ஒரு பெரிய ஹீரோ விட்டுக் குடுப்பாரா? பீப்பாயை அவரே கண்டுபிடிப்பாரு, 40 பேரையும் அவரே அடிப்பாரு, மார்ஜியானா ரெண்டு பாட்டுக்கு வந்துட்டுப் போவா. மாசிலா உண்மைக் காதலே பாட்டை ஏ.எம்.ராஜாவும் பானுமதியும் அவ்வளவு மெதுவா, பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி பாடியிருப்பாங்க, அதை எடுத்து டிரம்ஸ் போட்டு ஆட விட்டா எனக்கு வயிறு எரியும்ங்க, உள்ளதைச் சொல்றேன்.

அந்தப் படமே மறுபடி எடுத்ததுதானே, 1941லயே என்.எஸ்.கிருஷ்ணன் அலிபாபா எடுத்தாச்சேன்னு எதிரணியில கேட்டாங்க. இதே மாடர்ன் தியேட்டர்ஸ் 1940ல பி.யு.சின்னப்பாவை வெச்சு எடுத்த உத்தம புத்திரனை 1958ல சிவாஜி மறுபடி நடிக்கலையான்னும் கேட்டாங்க. நியாயமான கேள்வி, ஒத்துக்கிறேன். ஆனா 1956ல சுந்தரம் கையில புதுசா ஒண்ணு இருந்துச்சு, கலர். தமிழ் சனம் தன் படத்தை முழுசா கலர்ல பாத்ததே இல்ல, அதைக் காட்டணும்னு எடுத்தாரு. இன்னைக்கு எடுக்கிறவங்க கையில புதுசா என்ன இருக்குது? பேரு பழசு, பாட்டு பழசு, குகை வார்த்தை பழசு, அது மூணும் இருந்தா டிக்கெட் வித்துடும்ங்கிற கணக்கு மட்டும்தான் புதுசு.

கலர் மங்கிப் போச்சு, புள்ளைங்க எப்படிப் பாக்கும்னா, பிரிண்டைச் சுத்தம் பண்ணுங்க. 1964ல வந்த கர்ணனை 2012ல டிஜிட்டலாக்கித் தியேட்டர்ல விட்டாங்க, நூறு நாள் தாண்டி ஓடுச்சு. ஆயிரத்தில் ஒருவன் 1965 படம், 2014ல மறுபடி வந்து ஓடுச்சு. வழி இருக்குதுங்க! புதுசா எடுக்கிற காசுல கொஞ்சத்தை இதுக்குச் செலவு பண்ணட்டும்.

போன வாரம் ஏற்காட்டுக்குப் போறப்ப அந்த வளைவுகிட்ட பஸ் கொஞ்சம் மெதுவாச்சு. அம்மாயி காட்டுனாங்க, "இங்கதான் சாமி அந்தப் படம் எடுத்த கம்பெனி இருந்துச்சு"ன்னு. பையன் சன்னல்ல மூஞ்சியை ஒட்டிக்கிட்டு மெதுவா அந்த வார்த்தையைச் சொல்லிப் பாத்தான். அப்புறம் என்னைத் திரும்பிப் பாத்து, உள்ள என்னம்மா இருக்குன்னு கேட்டான்.

நடுவர் ஐயா, சுத்தம் பண்ணின பிரிண்டு ஒண்ணு நம்ம ஊர்த் தியேட்டர்ல வரட்டும், மூணு டிக்கெட் நான் எடுக்கிறேன், எங்கம்மாவை நடு சீட்டுல உக்கார வெக்கிறேன். வாய்ப்புக்கு நன்றிங்க, வணக்கம்.